அனிமேஷன் சினிமாவுக்கு மூத்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 28ஆம் தேதி கொண்டாடப்படும் உலக அனிமேஷன் தினத்தை ஒட்டித் தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். மலைப்பகுதிப் பள்ளிகளில் அந்த இணைப்பைப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள் என்பதாலும், அதில் உள்ளதை ஆசிரியர்கள் அப்படியே கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள் என்பதாலும், அக்கட்டுரையில் உள்ள இரண்டு செய்திகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சினிமா தோன்றிய பிறகு அதிலிருந்து கிளைத்த ஒரு பிரிவே அனிமேஷன் என்றும், 1928இல் வால்ட் டிஸ்னியின் கையில் அது பிறந்தது என்றும் கட்டுரை சொல்கிறது. விழித்திரையில் விழும் பிம்பம் ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்கு நேரம் தங்கியிருப்பதால்தான் அசையாத படங்கள் நமக்கு அசைவதாகத் தெரிகின்றன என்பது அது சொல்லும் மற்றொரு செய்தி. முதலாவது வரலாற்றுப் பிழை. இரண்டாவதைப் பல பாடநூல்களே சொல்லி வருவதால் கட்டுரையாளரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அதுவும் சரியன்று.

அக்டோபர் 28 ஏன் அனிமேஷன் தினம் என்ற கேள்வியைக் கட்டுரையாளர் கேட்டிருந்தால் முதல் பிழை நேர்ந்திருக்காது. 1892ஆம் ஆண்டு அதே நாளில், பாரிஸ் நகரின் கிரேவன் அருங்காட்சியகத்தில், எமில் ரேனோ என்ற பிரெஞ்சுக்காரர் தம் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய படங்களைத் திரையில் ஓடவிட்டு, கட்டணம் கொடுத்து வந்த பொதுமக்களுக்குக் காட்டினார். லூமியேர் சகோதரர்கள் அதே பாரிஸ் நகரில் தங்கள் முதல் கட்டணக் காட்சியை நடத்தியது 1895 டிசம்பர் 28இல். பம்பாய் வாட்சன் ஓட்டலில் அவர்களுடைய படங்கள் காட்டப்பட்டது 1896 ஜூலை 7இல். ஆக, புகைப்படக் கருவி எடுத்த சினிமா மக்கள் முன் வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, வரையப்பட்ட படம் திரையில் ஆடிப்பாடி முடித்துவிட்டது. கிளை என்று கட்டுரை குறிப்பிட்டது உண்மையில் மூத்த உடன்பிறப்பு.

ரேனோ செய்ததைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் சிறிய ஜெலட்டின் சதுரத்தில் வரைந்து, அந்தச் சதுரங்களை நீண்ட பட்டையாகக் கோத்து, படத்துக்கும் படத்துக்கும் இடையில் ஒரு துளையிட்டார். சக்கரத்தில் இருந்த முளைகள் அந்தத் துளைகளில் மாட்டிப் பட்டையை இழுத்தன. அவருடைய முதல் நிகழ்ச்சியில் காட்டப்பட்டவற்றுள் ஒன்றான 'பாவம் பியரோ' என்ற படத்துக்கு ஏறத்தாழ 500 படங்கள் வரைந்தார். அதை அவரே பின்னால் நின்றுகொண்டு கையால் முன்னும் பின்னும் சுழற்றி, சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்தி, வேண்டிய இடத்தில் திரும்ப ஓட்டி, சுமார் கால் மணி நேரம் நீட்டிக் காட்டுவாராம். உருவங்கள் ஒரு விளக்கிலிருந்தும், பின்னணிக் காட்சி இன்னொரு விளக்கிலிருந்தும் திரையில் விழுந்தன. அதனால் பின்னணியை ஒவ்வொரு முறையும் வரைய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இருபதாண்டுகள் கழித்து அமெரிக்கர்கள் செல்லுலாய்டு தாளைக் கொண்டு தீர்த்த சிக்கலை அவர் அப்போதே வேறு வழியில் தீர்த்திருந்தார். சினிமா வந்தபின் அவரை யாரும் சீண்டவில்லை. மனம் நொந்த அவர் பிற்காலத்தில் தம் படச்சுருள்களில் பெரும்பாலானவற்றை சேன் ஆற்றில் எறிந்துவிட்டு, 1918இல் இறந்தார்.

துளை என்று சொன்னேன். நான் உதகை இந்து நகரில் இருந்த பிலிம் தொழிற்சாலையில், சுருளின் ஓரத்தில் துளையிடும் வேலையில் இருந்தவன். எனவே இதைப் பற்றி ஆசிரியர் அவர்கள் எனக்குக் கொஞ்சம் இடம் தர வேண்டும். 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை நீலகிரிக்கு வந்ததற்கு இங்குள்ள குளிர்ந்த, தூசியற்ற காற்றும் தண்ணீரும் காரணங்கள். 35 மில்லிமீட்டர் சினிமா பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். ஒரு படத்துக்கு ஒரு பக்கத்தில் நான்கு துளைகள். துளைக்குத் துளை 4.75 மில்லிமீட்டர். இந்த அளவு எள்ளளவு பிசகினாலும் ஆய்வில் சுருளைத் தள்ளிவிடுவார்கள். காரணம் எளிது. சுமார் 21 மில்லிமீட்டர் அகலமுள்ள படத்தை 7 மீட்டர் திரையில் போட்டால் அது 300 மடங்குக்கு மேல் பெரிதாகிறது. துளையில் நேர்ந்த பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகு திரையில் மூன்று சென்டிமீட்டர் நடுக்கமாகத் தெரியும். நடிகர் நடித்த காட்சியில் இந்த நடுக்கத்தைப் பார்வையாளர் ஓரளவு பொறுத்துக்கொள்வார். வரைந்த கோடு நடுங்கினால் பொறுக்கமாட்டார், ஏனெனில் அங்கே கோட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவேதான் அனிமேஷன்காரர்கள் தாளிலும் துளையிட்டார்கள். 1914 வாக்கில் ரவுல் பாரே என்பவர் வரையும் தாள்கள் அனைத்திலும் ஒரே இடத்தில் துளைகள் இட்டு, பலகையில் பொருத்திய முளைகளில் அவற்றை மாட்டி வரையும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் கையால் வரைகிற கூடங்களில் அந்த முளைப்பலகை இல்லாமல் வேலை நடக்காது.

ரேனோவுக்கும் முன்னோர் உண்டு. 1832ஆம் ஆண்டின் இறுதியில் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோவும் ஆஸ்திரியாவின் சைமன் ஸ்டாம்ஃபரும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, ஒரே பொருளைக் கண்டுபிடித்தார்கள். வட்டமான அட்டையின் விளிம்பில் மெல்லிய பிளவுகளை வெட்டி, உள்வட்டத்தில் ஓர் அசைவின் அடுத்தடுத்த நிலைகளை வரைந்து, அட்டையைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்துச் சுழற்றி, பிளவுகளின் வழியாகப் பிம்பத்தைப் பார்த்தால் படம் அசைகிறது. பிளவு இல்லாமல் நேராகப் பார்த்தால் வெறும் வண்ணக் கலங்கல்தான் தெரியும். இந்தத் தட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிளவுகளின் எண்ணிக்கையும் படங்களின் எண்ணிக்கையும் சமமாக இருந்தால் உருவம் நின்ற இடத்திலேயே ஆடும்; படம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ உருவம் ஆடிக்கொண்டே வட்டத்தில் ஊர்ந்துவரும். 1834இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்னர் இதை உருளையாக மாற்றினார். ஒருவர் மட்டும் கண்ணாடி முன் நின்று பார்த்ததைப் பலர் மேசையைச் சுற்றி நின்று பார்க்க முடிந்தது. 1868இல், பக்கங்களை வேகமாகப் புரட்டினால் படம் அசையும் புரட்டுப் புத்தகத்துக்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1877இல் ரேனோ பிளவுகளை எடுத்துவிட்டு உருளையின் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளை வைத்து, படத்தை மங்கலின்றித் தெளிவாகக் காட்டினார். எட்வேர்ட் மைபிரிட்ஜ் 1878இல் 12 காமிராக்களை வரிசையாக வைத்துக் குதிரையின் பாய்ச்சலைப் படம் பிடித்தார் என்பதைச் சினிமாவின் தொடக்கமாக எல்லோரும் சொல்வார்கள். அவர் அதைத் திரையில் காட்டியபோது கண்ணாடித் தட்டில் இருந்தவை அந்தப் புகைப்படங்களைப் பார்த்துக் கையால் தீட்டிய ஓவியங்கள் என்பதை எவரும் சொல்வதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், தோல்பாவைக்கூத்தே உலகின் முதல் அனிமேஷன் என்றும், சிதம்பரம் கோபுரங்களில் உள்ள 108 கரணச் சிற்பங்களை வரிசையாகப் பார்த்தால் நடனம் ஓடும் என்றும் நம்மவர்கள் சொல்வது வழக்கம். தோல்பாவைக்கூத்தின் மீது எனக்குள்ள மதிப்பு சிறிதன்று. ஆயினும் பாவை திரைக்குப் பின்னால் உண்மையிலேயே அசைகிறது. கூத்தரின் கை அசைக்கிற அதே நேரத்தில் நாம் அந்த அசைவைக் காண்கிறோம். அனிமேஷனிலோ எந்த நொடியிலும் எதுவும் அசைவதில்லை. தோல்பாவையை அனிமேஷனாக்க வேண்டுமானால் ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் செய்ததுபோல், கறுப்புத் தாளில் வெட்டிய உருவத்தை ஒளிமேசையில் கிடத்தி, ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்தி மறுபடி எடுக்க வேண்டும். 1926இல் வெளியான அவருடைய முழுநீளப் படம் அப்படி உருவானதுதான். கரணச் சிற்பங்களைப் பொறுத்தவரை, அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அசைவின் ஒரு நிலை. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் உள்ள 81 சிற்பங்களும் அப்படியே. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடைப்பட்ட நிலைகளை யாரும் செதுக்கவில்லை. செதுக்கும் நோக்கமும் அந்தச் சிற்பிகளுக்கு இல்லை. அனிமேஷனின் பெரும்பகுதி உழைப்பு அந்த இடைப்பட்ட நிலைகளில்தான் செலவாகிறது.

இனி இரண்டாவது செய்திக்கு வருகிறேன். விழித்திரையில் பிம்பம் தங்குவதால் அசைவு தெரிகிறது என்ற விளக்கத்துக்கு வேராகக் காட்டப்படுவது, பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1824இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரை. அதை எடுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். செங்குத்துக் கம்பி வேலியின் இடுக்குகள் வழியாக, உருண்டோடும் வண்டிச் சக்கரத்தைப் பார்க்கும்போது அதன் ஆரங்கள் வளைந்தும் அசையாமலும் தெரிவது ஏன் என்பதை அவர் அதில் ஆராய்ந்தார். அசைகிற பொருள் அசையாததுபோல் தெரிவதற்கு அவர் தந்த விளக்கத்தை, அசையாத படம் அசைவதுபோல் தெரிவதற்குப் பின்வந்தவர்கள் பொருத்திவிட்டார்கள்.

பிம்பம் தங்குவதே காரணம் என்றால் என்ன நடக்க வேண்டும்? முதல் படம் மறைவதற்குள் இரண்டாவது வந்து அதன்மேல் விழும். அதன்மேல் மூன்றாவது விழும். ஓடும் குதிரைக்குப் பதில் பல கால்கள் பின்னிக்கிடக்கும் ஒரு குழப்பம்தான் நமக்குத் தெரிய வேண்டும். பிளாட்டோவின் தட்டில் பிளவு இல்லாமல் பார்த்தால் தெரியும் கலங்கல் அதுவே. படத்துக்கும் படத்துக்கும் நடுவே இருட்டு வந்தால்தான் அசைவு பிறக்கிறது. பிலிம் ஓட்டும் புரொஜெக்டரில், ஒளியை மறைத்து மறைத்துத் திறக்கும் தகடாகச் சுழலும் ஷட்டரும் அந்த இருட்டைத்தான் உண்டாக்குகிறது. நொடிக்கு 24 படங்கள் ஓடினாலும், ஷட்டரின் இரண்டு இதழ்கள் ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டுவதால் திரையில் ஒளி நொடிக்கு 48 முறை விட்டுவிட்டு விழுகிறது. அந்த மினுக்கல் நமக்குத் தெரியாமல் போவதற்குக் கண்ணின் மந்தம் காரணம் என்று சொன்னால் ஏற்கலாம். அசைவு தெரிவது வேறு கணக்கு.

அந்தக் கணக்கை 1912இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் செய்த ஆய்வுகளை வெளியிட்டு விளக்கினார். இரண்டு கோடுகளைப் பக்கம்பக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். இடைவேளை 30 மில்லிநொடி அளவில் இருந்தபோது இரண்டும் ஒன்றாகத் தோன்றின. 200 மில்லிநொடி ஆனபோது ஒன்று மறைந்து மற்றது தோன்றுவதாகத் தெரிந்தது. இடையில், ஏறத்தாழ 60 மில்லிநொடியில், ஒரே கோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்து செல்வதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நடுவில் எந்தக் கோடும் காட்டப்படவில்லை. அந்த நகர்வை இட்டு நிரப்பியது மூளை.

இதற்குத் தமிழ் வாசகர்கள் அனைவரும் கண்ட சான்று ஒன்று உண்டு. பழைய புராணப் படங்களில் தேர் முன்னால் பாயும்போது சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். 12 ஆரங்கள் உள்ள சக்கரத்தில் ஆரத்துக்கு ஆரம் 30 பாகை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சக்கரம் 25 பாகை முன்னால் சுழன்றுவிட்டால், முந்தைய படத்தில் ஓர் ஆரம் இருந்த இடத்துக்கு 5 பாகை பின்னால் வேறோர் ஆரம் வந்து நிற்கிறது. எல்லா ஆரங்களும் ஒன்றுபோல இருப்பதால் மூளை 25 பாகைத் தொலைவை விட்டுவிட்டு அருகில் உள்ள 5 பாகையை எடுத்துக்கொண்டு, சக்கரம் பின்னால் போகிறது என்று முடிவுகட்டுகிறது. விழித்திரையில் பிம்பம் தங்குவது மட்டும் காரணம் என்றால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதை விளக்கவே முடியாது.

இவ்வளவு தூரம் இதை வலியுறுத்தக் காரணம், அனிமேஷனின் அடிப்படை விதிகள் அனைத்தும் இதிலிருந்தே கிளைக்கின்றன என்பதுதான். அடுத்த படத்தை எங்கே வைத்தால் மூளை என்ன முடிவுகட்டும் என்று கணிப்பதே அனிமேஷன்காரரின் தொழில். படம் அழகாக இருப்பது அதற்குப் பிறகுதான். 1908 ஆகஸ்டில் எமில் கோல் வெளியிட்ட 'ஃபான்டாஸ்மகோரி' என்ற படம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவானது; சுமார் 700 கோட்டுச் சித்திரங்கள், பள்ளிப் பிள்ளை கரும்பலகையில் கிறுக்கியதைப் போன்ற உருவங்கள். அவற்றில் அழகு என்று சொல்லத்தக்கது குறைவு. ஆனால் ஒரு கோடு யானையாகி, யானை வீடாகி மாறும் ஓட்டத்தில் பார்ப்பவர் கண்ணை எடுக்க முடியாது. (அதே 1908இல்தான், அக்டோபரில், நம் மலை ரயில் குன்னூரைத் தாண்டி உதகை வந்து சேர்ந்தது.) அமெரிக்காவின் வின்சர் மெக்கே 1914இல் ஒரு டைனோசரை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்து நடக்கவிட்டபோது, முதலில் அசைவின் முக்கிய நிலைகளை வரைந்துகொண்டு பிறகு இடைநிலைகளை நிரப்பினார். விலங்கு மூச்சுவிடுவதற்கு எத்தனை படம் வேண்டும் என்பதைத் தம் மூச்சையே கணக்கிட்டு முடிவு செய்தார். பின்னணியில் இருந்த பாறையையும் ஏரியையும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரைந்தது அவருடைய உதவியாளர். அந்தச் சலிப்பூட்டும் வேலையிலிருந்து கலைஞர்களை விடுவித்தது ஏர்ல் ஹர்ட் 1914இல் கொண்டுவந்த, ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் உருவத்தை மட்டும் வரைந்து நிலையான பின்னணியின்மேல் வைக்கும் முறை. அந்தக் காலத்தில் சினிமா பிலிமும் அதே பொருளில்தான் செய்யப்பட்டது என்பது எங்களைப் போன்ற பிலிம்காரர்களுக்கு ஒரு சிறு பெருமை.

ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடினாலும் ஒவ்வொரு ஓவியத்தையும் இருமுறை படம் எடுப்பது அனிமேஷனில் வழக்கம். ஆக ஒரு நொடிக்கு 12 ஓவியங்கள். கையிலிருந்து நழுவிய பந்து ஒரு நொடியில் சுமார் 16 அடி விழும். அந்தத் தொலைவை 12 சம பாகமாகப் பிரித்து வரைந்தால், பந்து கயிற்றில் கட்டி இறக்கப்படுவதுபோல் தெரியும், எடை இருக்காது. கலிலியோ கண்ட கணக்குப்படி, சம நேரங்களில் விழும் பொருள் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களாகக் கூடும். முதல் இடைவெளி 1 பங்கு என்றால் பன்னிரண்டாவது இடைவெளி 23 பங்கு. அனைத்தையும் கூட்டினால் 144. ஒரு பங்கை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 14.4 சென்டிமீட்டர், சாதாரண நோட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும். எந்தப் பள்ளிப் பிள்ளையும் அளவுகோலை வைத்து இந்தப் புள்ளிகளைக் குறித்து, பக்கத்துக்கு ஒரு பந்தாக வரைந்து, கட்டைவிரலால் புரட்டிப் பார்க்கலாம். பந்து விழும். தரையில் பட்ட படத்தில் பந்தை அப்பளமாகத் தட்டையாக்கி, எழும் படத்தில் சற்று நீளமாக்கினால் ரப்பர் பந்து. எல்லாப் படத்திலும் உருண்டையாகவே விட்டால் இரும்புக் குண்டு. தட்டையாக்கும்போது அகலப்படுத்த மறக்கக் கூடாது. உயரம் குறைந்து அகலம் அப்படியே இருந்தால் பந்து சுருங்கிவிட்டதாகத்தான் மூளை எடுத்துக்கொள்ளும்.

டிஸ்னி நிறுவனத்துக்கு உரிய பெருமை இந்த இடத்தில்தான் வருகிறது. 1928இல் அவர்கள் செய்த சாதனை, படத்தோடு ஒலியை இம்மி பிசகாமல் பொருத்தியது. 1930களில் அந்தக் கூடத்துக் கலைஞர்கள் அன்றாட வேலையில் கண்டறிந்த விதிகளை, அங்கே பணியாற்றிய ஃபிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் பன்னிரண்டாகத் தொகுத்தார்கள். கட்டுரையில் அந்தப் பன்னிரண்டும் ஒரு பெட்டியில் பட்டியலாக வந்திருந்தன. பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயன் இல்லை என்பது என் எண்ணம். குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையோரச் சோலையில் கருமந்தி மரம் விட்டு மரம் தாவுவதைப் பொறுமையாக நின்று பார்த்தால் பாதி விதிகள் கண்ணெதிரே தெரியும். தாவுவதற்கு முன் அது பின்னங்கால்களை மடக்கிக் கிளையில் அமுங்கும்; எதிர்த்திசையில் செல்லும் அந்தச் சிறு அசைவை வரையாவிட்டால் தாவல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குப் புரியாது. காற்றில் உடல் முழுதும் நீண்டு, அது செல்லும் பாதை வில்லாக வளையும். நேர்கோட்டில் வரைந்தால் யாரோ எறிந்த பொம்மையாகிவிடும். மறுகிளையைப் பற்றியதும் உடல் நின்றுவிடுகிறது, வால் நிற்பதில்லை. அது ஒரு கணம் பிந்தி மேலே சுழன்று பிறகுதான் அடங்குகிறது. விட்டுவந்த கிளை அதற்கப்புறமும் ஆடிக்கொண்டிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கைநிறைந்த இலையைத் தோளுக்குப் பின்னால் கூடையில் போடுகிற வீச்சிலும் இதே வளைவைக் காணலாம். அங்கே மணிக்கட்டு முந்த, விரல்கள் பிந்தித் திறக்கும். மிகைப்படுத்தல், கவர்ச்சி போன்ற ஏனைய விதிகள் ஓவியம் பழகப் பழக வருபவை.

நம் நாட்டு வரலாற்றில் கட்டுரை விட்டுவிட்ட ஒருவரைச் சொல்ல வேண்டும். தாதாசாகேப் பால்கே, 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிடுவதற்கு முன்பே, ஒரு பட்டாணி விதை முளைத்துக் கொடியாவதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்து ஒரு குறும்படம் செய்தார். 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி மற்றொன்று எடுத்தார். பட்டாணி விளையும் கேத்தி பள்ளத்தாக்கில் இன்று கைப்பேசி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் அதே சோதனையைச் செய்யலாம். பின்னர் 1956இல் டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் மத்திய அரசின் படத் தயாரிப்பு நிறுவனமான பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தக் கூடத்தில் வளர்ந்த ராம் மோகன், 1989இல் வெளிவந்த 'ராஜா சின்ன ரோஜா' படத்தில் ரஜினிகாந்தோடு ஆடிப்பாடும் கார்ட்டூன் விலங்குகளை உருவாக்கினார். 2014இன் 'கோச்சடையான்' நடிகரின் உடலசைவைக் கருவிகளால் பதிவு செய்து உருவான படம். அதற்கும் பாட்டனார் உண்டு. நடிகரைப் படம் பிடித்து அதன்மேல் கோடு போட்டு அசைவைப் பெறும் கருவிக்கு மாக்ஸ் ஃபிளைஷர் 1917இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

கட்டுரையின் கடைசிப் பத்தி, அனிமேஷன் கற்க விலையுயர்ந்த கணினியும் மென்பொருளும் தேவை என்று முடிகிறது. மலையில் உள்ள சிற்றூர்களுக்கும் இப்போது பயிற்சி மையங்களின் துண்டறிக்கைகள் வருகின்றன. பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். மென்பொருள் இடைநிலைப் படங்களைத் தானே நிரப்பும் என்பது உண்மை. ஆனால் எத்தனை இடைநிலை, அவை எங்கே நெருங்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று யாராவது சொல்லாதவரை அது அனைத்தையும் சம இடைவெளியிலோ தன்னிடம் உள்ள ஒரே வாய்பாட்டின்படியோ நிரப்பும். அப்போது வருவது கயிற்றில் இறங்கும் பந்துதான். நோட்டுப் புத்தகத்தில் பந்தை விழச்செய்யக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கணினி பெரிய உதவி. அதைக் கற்காமல் நேரே கணினி முன் அமரும் பிள்ளைக்கு மென்பொருளின் பொத்தான்கள்தான் பழக்கமாகும்.

எனவே ஒரு வேண்டுகோள். திருத்தம் வெளியிடுவதோடு, மாணவர் இணைப்பின் ஒரு பக்கத்தில் பிளாட்டோவின் தட்டை அச்சிட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், விளிம்பில் 30 பாகைக்கு ஒன்றாக 12 பிளவுகள், ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம். உள்ளே படம் வரைய 12 வெற்றுக் கட்டங்கள். வெட்டிப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி, பிளவுகளை பிளேடால் ஆசிரியரோ பெற்றோரோ வெட்டித் தந்து, நடுவில் குண்டூசி குத்திப் பென்சிலின் முனையில் மாட்டினால் சுழலும். ஓவியப் பக்கம் கண்ணாடியைப் பார்க்க இருக்க வேண்டும். வெளிச்சம் அந்தப் பக்கத்தில் விழ வேண்டும். கண்ணுக்கு அருகில் வரும் மறுபக்கத்தை மட்டும் கறுப்பு மையால் பூசிவிடச் சொல்லுங்கள். வெள்ளையாக விட்டால் அதன் பளபளப்பில் பிளவுக்கு அப்பால் உள்ள படம் மங்கித் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற பிலிம் தொழிற்சாலை ஊழியர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.